கழிவு

தர்மினிக்கு விலை சொல்லும்போது
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
ஊசிப்பெட்டியைத் திறந்து, எதையோ தேடி,
மூடிவிட்டு,
பதினையாயிரம் என்றேன்.

"எனக்குமோ?" என்றாள்.
ஏ.எல். வரை ஒரே வாங்கில் இருந்தவள்.
என் சைக்கிளுக்குக் காற்றுப் போனால்
கோண்டாவில் மட்டும் கூட நடந்தவள்.
கஸ்தூரியார் வீதியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு
றோசாப்பூப் போட்ட போர்வை தொங்குதாம்,
அதையும் சொன்னாள்.

நான் தைப்பது தையல்கடைகளின் கழிவுத் துணியில்.
பள்ளிச் சட்டையின் வெள்ளை.
யாரோ ஒருத்தியின் சாமத்தியச் சட்டைக்குக்
கைக்குழி வெட்டியதில் விழுந்த பச்சைப் பிறை.
வங்கிக்காரரின் நீலக்கோடு.
உள்ளே, கொழும்பிலிருந்து லொறியில் வரும் பஞ்சு.
ஒரு சாணுக்கு நாற்பது குத்து.
இந்த வெக்கைக்குப் போர்வை எதற்கு என்பீர்கள்.
ஏசி அறைக்கு. ஸ்காபரோவுக்கு.
மார்கழியில் இரண்டு கிழமை எல்லாருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் குளியலறைச் சுவர் வெடித்தது.
குருநகரிலிருந்து மேசன் யூட் வந்தார்.
வெடிப்பை விரலால் தட்டிப் பார்த்தார்.
"நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
ரெண்டு நாள் வேலை. தேத்தண்ணி உங்கடை."
என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.
குறையுங்கோ என்ற சொல்
என் வாய்க்கு வரவேயில்லை.

இரவு கொப்பியை எடுத்தேன்.
துணி, நூல், பஞ்சு: 9,650.
மணித்தியாலம் எழுபத்திரண்டு
(பிரித்துத் தைத்த ஓரத்தைச் சேர்க்கவில்லை).
தர்மினியின் விலைக்கு
மணிக்கு எழுபத்திநாலு ரூபாய் வந்தது.
ஒரு தேத்தண்ணி. வடை இல்லை.

யூட்டின் கணக்கில் எழுபத்திரண்டு மணி ஒன்பது நாள்.
நாற்பதாயிரத்து ஐந்நூறு.
திரும்பவும் கூட்டினேன். அதேதான்.

போர்வை முடிந்த அன்று பில் எழுதினேன்:
மொத்தம் 50,150.
கழிவு, சிநேகிதத்துக்கு, 35,150.
தர வேண்டியது 15,000.

அவள் இரண்டு தரம் வாசித்தாள்.
"உவ்வளவும் எனக்குக் கடனோ?"
"கடன் இல்லை. கழிவு."
"அப்ப ஏன் எழுதினனி?"
மறுமொழி இருந்தது, அப்போது வரவில்லை.
புதுத் தாள்களாக எண்ணிக் கதிரையில் வைத்தாள்.
போர்வையை மடிக்காமலே அள்ளிக்கொண்டு போனாள்.
இன்றோடு ஒன்பது நாள்.
கைபேசியில் ஒரு சத்தமும் இல்லை.

இன்று யூட் வெள்ளையடிக்கத் திரும்பி வந்தார்.
மெசினில் கிடந்ததை எட்டிப் பார்த்தார்.
"அக்கா, மனிசிக்கு ஆவணியில பிள்ளை.
உதில ஒண்டு என்ன வரும்?"

"உங்கடை கூலியில ஒன்பது நாள்.
துணி புறம்பு."
ஊசிப்பெட்டி திறக்காமல் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.
நெற்றியைச் சுருக்கி,
தூரிகையிலிருந்து சுண்ணாம்பு நிலத்தில் சொட்டச் சொட்ட
யோசித்தார்.

"என்னட்டை மூண்டு நாள் இருக்கு.
மூண்டு நாளில எவ்வளவு பெரிசு வரும்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.
கொஞ்சம் கூடத்தான் விரிந்துவிட்டது.