உப்புக் கணக்கு

சாய்ந்தமருது ஐஸ் கொம்பனியின் பேரேட்டில்
படங்களெல்லாம்
உப்பு என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன.

தொட்டிக்கு உப்பு, பதினாறு மூடை.
உப்பு, ஒன்று: சன்னலோரம் மாங்காய் நறுக்குகிறவள்.
அமோனியா, இரண்டு சிலிண்டர்.
உப்பு, ஒன்று: தபாற்கந்தோர் வரிசை, மழை.

எழுதியவன் நான்.
எழுதச் சொன்னவர் உதுமாலெப்பை ஹாஜியார்.
"படமெண்டு எழுதினா ஊட்டுல கேப்பாங்க.
உப்பெண்டு எழுது. உப்ப ஆரு எண்ணுற?"

முகம் பார்த்திருக்கும் அறையில் தொழ
அவருக்கு மனம் ஒவ்வாது.
வாங்காமல் விடவும் ஒவ்வாது.
இரண்டுக்கும் நடுவே கொம்பனியின் மேலறை,
மரப்பெட்டி, வேப்பிலை,
கிழித்துச் சுற்றிய பழைய சாரன்.

ருசி தெரிந்தவர் என்று சொல்லமாட்டேன்.
நல்லதைத் தள்ளிப் பெரியதை எடுத்த நாளும் உண்டு.
மீனுக்குப் பேசுவதுபோல் விலையை அடித்து இறக்குவார்,
பிறகு கேட்டதற்கு மேலே நூறு வைப்பார்.

தொண்ணூறில்
இந்த ஊராள் அந்த ஊருக்குப் போகாத மாதங்களில்
ஐஸ் லொறி மட்டும் பாண்டிருப்புக்குப் போய் வந்தது.
திரும்பும்போது உமிக்குள் சுருட்டிய துணி.
கோகிலமதி ரீச்சருக்கு அப்போது சம்பளம் வரவில்லை.
அந்த ஆண்டு
உப்புக் கணக்கு மூன்று பக்கம்.

பாதை திறந்தபின் ரீச்சர் நேரில் வந்தார்,
கைப்பையில் தூரிகையோடு.
"மாங்காய்க்காரியின்ர இடக்கை பிழை.
அஞ்சு நிமிசம் தாங்க, திருத்தித் தாறன்."

"வித்தது வித்ததுதான் ரீச்சர்.
பிழையோடதான் காசு தந்த."

"அப்ப சரியான கையை நான் என்ன செய்யிற?"

"கொண்டு வாங்க."

அடுத்த மாதம் கொண்டுவந்தார்.
சாண் அகலப் பலகையில் ஒரு கை மட்டும்.
கத்தியில்லை, மாங்காயில்லை.
உப்பு, ஒன்று: கை.

போகும்போது கேட்டார்:
"இதுகள ஆரும் பாக்கிறாங்களா?"

"ஐஸ் போடுறதுதானே நம்மட வேல.
பழுதாகாம வெச்சிருக்கன்."

"ஐஸில வெச்ச மீனையும்
ஒருநாள் சந்தைக்கு எடுக்கவேணும் ஹாஜியார்."

அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

கடல் வந்த காலை
இயந்திரம் போனது. தராசு போனது.
தராசடியில் நின்ற நிஜாமுதீன் போனான்.
மேலறைக்குப் படி மட்டும்தான் போனது.
ஏணி வைத்து ஏறிப் பெட்டியைத் திறந்தேன்.
மாங்காய் நறுக்குகிறவள்
நறுக்கிக்கொண்டிருந்தாள்.
எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

பேரேடுகள் தப்பின.
ஆண்டுமுடிவுக் கணக்குக்காக அவை
மாவடிப்பள்ளியில், என் வீட்டில் கிடந்தன.

ஹாஜியார் மௌத்தாகி எட்டு மாதம்.
மகன்மார் கொழும்பிலிருந்து
மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள்.
வெள்ளைக் கையுறை, சின்ன டோர்ச்.
இவ்வளவும் ஒருவரிடமா என்று இரண்டு தரம் கேட்டார்.
"வாங்கினதுக்கு ஆவணம் இருக்கா?"
பேரேட்டை விரித்தேன்.
உப்பு, உப்பு, உப்பு என்று
கையுறை விரல் பக்கம் பக்கமாய் இறங்கியது.
சிரிப்பாரென்று நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிவு நாற்பத்திரண்டு.
படம் நாற்பத்தொன்றுதானே இருக்கு?"

மாவடிப்பள்ளியில் என் வீட்டில்
சாப்பாட்டு மேசைக்கு எதிரே
ஒரு கை தொங்குகிறது.
வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.
மீன்காரன் பார்க்கிறான்.
பிள்ளைகள் தங்கள் கையை வைத்து அளக்கிறார்கள்.
முகமில்லாததால்
மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை.

பேனையை எடுத்து
கடைசி வரியில்
முப்பத்திரண்டு வருடம் எழுதிய அதே எழுத்தில்
எழுதினேன்:

சேதாரம். உப்பு, ஒன்று.
கரைந்தது.