இருபது மில்லிவோல்ட்

திரையில் ஒன்பது.
தாலாய்பெக்கின் கண்ணாடிக் குழாயில் ஏழு.
நடுவே தொட்டி. தொட்டியில்
நாற்பதாயிரம் ட்ரவுட் முட்டைகள்,
எந்தப் பக்கமும் சேராமல்.

இசிக்குல் தென்கரையில் டிசம்பர்.
ஏரி உறையாது, விரல்கள் உறையும்.
அடுப்பின் சூட்டில் தண்ணீர் எட்டைத் தாண்டினால்
பம்பு ஓடி ஊற்று நீரை இழுக்கவேண்டும்,
இறங்கியதும் நிற்கவேண்டும்.
நான் எழுதிய நிரல்தான், பதினோரு வரி.
முட்டைகள் வந்த நாளிலிருந்து
பம்பு நிற்கவே இல்லை.

முதலில் உணரியைச் சந்தேகித்தேன்.
மூன்று கால், ஒரு கறுப்புத் தலை,
கோதுமை மணியைவிடக் கொஞ்சம் பெரிது.
கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து
டம்ளரில் நொறுக்கிய பனிக்கட்டிக்குள் அழுத்தினேன்.
சுழியம். துளி பிசகில்லை.
திரும்பத் தொட்டியில் கட்டினேன்.
ஒன்பது.
பிஷ்கெக்கிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்தேன்.
மேசையில் யோக்கியன், தண்ணீரில் புளுகன்,
அதுவும்.

அப்புறம் பத்துப் பத்து அளவாக எடுத்துக்
கூட்டி வகுத்துப் பார்த்தேன்.
எண் ஆடுவது நின்றது.
பத்துப் பொய்யின் சராசரி
வழவழப்பான ஒரு பொய்.

முட்டைக்குக் கணக்கு உண்டு:
ஒரு நாளின் சூட்டோடு மறுநாளின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும்.
ஒன்பது பாகை என்றால் பதினெட்டாம் நாள்
உள்ளே இரண்டு கரும்புள்ளி, கண்கள், தெரியவேண்டும்.
இன்று பதினெட்டாம் நாள்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
ஆரஞ்சு நிறம். வேறொன்றுமில்லை.
யாரும் இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

இரவு இரண்டரைக்குப் பம்பின் வாயில் பாசி அடைத்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
திரை அந்த நொடியே ஏழுக்கு இறங்கியது.

தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறாதே.

செருகினேன், ஒன்பது.
பிடுங்கினேன், ஏழு.
குழந்தை சுவிட்சோடு விளையாடுவதுபோல்
ஏழெட்டுத் தடவை.
மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பலகையின் தரையில் வைத்தேன்,
மறுமுனையை உணரியின் தரையில்.
தரைக்கும் தரைக்கும் நடுவே என்ன இருக்கும்?
இருபது மில்லிவோல்ட் இருந்தது.
ஒரு பாகைக்குப் பத்து.

கம்பி மிச்சம் பிடிக்க
மெல்லிய நீலக் கம்பி ஒன்றிலேயே
பம்பின் மின்னோட்டத்தையும் உணரியின் தரையையும் திருப்பியிருந்தேன்.
ஒற்றையடிப் பாதையில்
எருதையும் எறும்பையும் சேர்த்து அனுப்பியவள் நான்.
பம்பு நடக்கும்போதெல்லாம்
உணரியின் காலடியில் தரை எழும்பியது.
எழும்பிய தரையில் நின்று அது
சரியாகத்தான் அளந்தது.
சூடு என்றது, பம்பு ஓடியது.
பம்பு ஓடியதால் சூடு என்றது.
பதினெட்டு நாள் இப்படி
ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு.

பம்புக்குத் தடித்த கம்பி, நேரே பேட்டரிக்கு.
உணரிக்குத் தனியாக ஒன்று, பலகைக்கு.
ஈயப் புகை கண்ணில் ஏறியது.
ஆன் செய்தேன்.
ஏழு புள்ளி ஒன்று.
பம்பு ஓடவில்லை.

சத்தம் நின்றதில் தாலாய்பெக் விழித்துக்கொண்டான்.
என்ன ஆச்சு, எது கெட்டுப்போச்சு என்று
ஒற்றைக் காலுறையோடு வந்தான்.
வந்த பழக்கத்தில்
குழாயைத் தூக்கிப் பார்த்தான், நோட்டை எடுத்தான்.
எட்டிப் பார்த்தேன்.
ஒன்பது, ஒன்பது, ஒன்பது,
பக்கம் முழுக்க, நீல மையில்.

"உன் குழாய் ஏழுதானே காட்டியது?"
"ஆமா. இரண்டு கூட்டிக்கொண்டேன்.
குழாய் பழசு, பெகாயிம்.
உன் திரை நல்ல வெளிச்சமா இருந்தது."

நீலக் கம்பி இன்னும் என் கையில் இருந்தது.
அவனுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன்.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
என்ன எழுதட்டும் என்று கேட்டான்.

இப்போது தெரிவதை, என்றேன்.

விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.
ஐந்து நாள் இருக்கிறது, கணக்குச் சரியென்றால்.
எதற்கும் குனிந்து பார்த்தேன்.