பதிவு அலுவலகம்

மோல்மேனிலிருந்து கம்பெனியை
ஓர் அரிசிச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தேன்.
முத்திரை, பங்குப் பேரேடு, தீர்மானப் புத்தகம்.
இடமாற்றக் கூட்டம் கப்பல் தளத்தில்தான் நடந்தது.
கோரத்துக்கு மூன்று டைரக்டர்கள் வேண்டும்.
சிக்கந்தர் ராவுத்தர் வாந்திக்கு நடுவே கை தூக்கினார்.

கூத்தாநல்லூரில்
நெல் கோடவுனை ஒட்டி ஓர் அறை.
பலகை மாட்டியாயிற்று.
சட்டப்படி கம்பெனிக்கு இனி இதுதான் வீடு.
எட்டாயிரம் ரப்பர் மரங்கள் மட்டும்
சேதி தெரியாமல்
ஜப்பான்காரன் சிரட்டையில் பால் வடிக்கின்றன.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரம்
ஒருத்தி படியேறினாள். சடையாயி என்றாள்.
காலில் பெருவிரல் நகம் இல்லை.
அரக்கான் மலை வழியே நடந்தவள்.
மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்
ஐந்து மாதக் கூலிச்சீட்டு,
புருஷன் பேரில்.
"ஆபீசு இங்க வந்துட்டதாமே."

வந்துவிட்டது.
தீர்மானம் எழுதியவனே நான்தான்.
அன்றைக்கு இவள் நினைவில் இல்லை.

முத்திரையைத் துடைத்துப் பார்த்தேன்,
இன்னமும் மோல்மேன் என்றே இருந்தது.
பணப்பெட்டியில்
தபால்தலைக்கான ஒன்றே காலணா.

உட்காரச் சொன்னேன்.
அறையில் இருந்தது ஒரே நாற்காலி,
சேர்மனுடையது.
தயங்காமல் உட்கார்ந்தாள்.