முப்பத்தெட்டு எம்பி

நான் எழுதியது நூற்றிருபது வரி.
கொட்பே ஐஸ் மடுவத்தில்
யாருக்கு எத்தனை கட்டி, யார் பாக்கி
என்று சொல்லும். அவ்வளவுதான்.

என் மடிக்கணினியில் ஓடியது.
தவேந்திரனின் மேசையில் ஓடவில்லை.
"பைதன் வேணுமாம். அதை எங்க வாங்கிறது?"
இணையம் இல்லாத கணினி.
உப்புப் பூத்த விசைப்பலகை.

வெளியே ஒரு பலநாள் படகு
ஏற்றிக்கொண்டிருந்தது:
டீசல், அரிசி, குடிதண்ணீர், அடுப்பு,
ஒரு சாக்கு வெங்காயம்.
ஆழ்கடலில் கடை கிடையாது.

இரவு உப்புவெளி அறையில் நானும் ஏற்றினேன்.
பைதனையே,
அது கேட்கும் நூலகங்களை,
தமிழ் எழுத்துருவை,
நான் ஒருநாளும் கூப்பிடாத துண்டுகளைக்கூட
ஒரே கோப்புக்குள்.
ஏழு கேபி முப்பத்தெட்டு எம்பி ஆனது.
வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் வைரஸ் காவலன் அதை மறித்தான்.
கையொப்பம் இல்லையாம்.
கடற்படைச் சாவடியில் என்னைக் கேட்பதுபோலவே:
யார் அனுப்பினது? உள்ளுக்க என்ன?

விலக்கு வாங்கிக் கொடுத்து
மறுபடி இரட்டைச் சொடுக்கு.
கறுப்புச் சட்டம். ஒன்பது விநாடி.
ஐஸ் உடைபடும் சத்தம் மட்டும்.
பிறகு, தமிழில்:
ஹில்மி, பதினேழு கட்டி, பாக்கி.

"வந்திட்டுது" என்றேன், கொஞ்சம் உரக்க.
தவேந்திரன் திரைக்குக் கிட்டப் போனான்.
"அவன் நேற்றே காசு கட்டிட்டான்.
இதை எங்க அழுத்தி அழிக்கிறது?"

பைதனையே ஏற்றியிருந்தேன்.
அந்த ஒரு பொத்தானை ஏற்றவில்லை.
தீப்பெட்டியைக் கரையில் விட்ட
சமையல்காரன்போல நின்றேன்.
படகு அப்போதுதான் கயிறு அவிழ்த்தது.