ஒட்டியதும் எழுதியதும்

ஒமாஹாவில் டிசம்பர்.
கம்ப்யூட்டர் அறைக்குள் எல்லா மாதமும் டிசம்பர்தான்.
வெர்னா செட்லாச்செக் கோட்டைக் கழற்றுவதில்லை.

மூன்றாவது டிரைவில் 004417 வேண்டும்
என்றது கன்சோல்.
மாட்டினாள்.
நாடா ஒரு சாண் நகர்ந்து, நின்று,
பின்னோக்கிச் சுற்றிக்கொண்டது.
மறுபடியும் அதே வரி: 004417.

சுருளின் மேல் சீட்டில் 004417தான்.
லாய்டின் எழுத்து, வால் நீண்ட அந்த ஏழு.
மெஷினுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது.
நாடாவின் முதல் எண்பது எழுத்தில்
என்ன இருக்கிறதோ
அதுதான் அதற்குப் பெயர்.

தலையெழுத்து.

இதன் தலையில் 004471.
அவசரத்தில் சீட்டுகளை மாற்றி ஒட்டியிருக்கிறான்.
அப்படியானால்
71 என்று ஒட்டியதுதான் 17;
71க்கு நேற்றோடு தவணை முடிந்தது;
முடிந்ததெல்லாம் அழித்தெழுதும் அடுக்குக்குப் போகும்;
அந்த அடுக்கிலிருந்துதான் இவளே
பத்து மணிக்கு ஒன்றை எடுத்து
மஞ்சள் வளையம் பொருத்தி
ஐந்தாவது டிரைவில் மாட்டிவிட்டு
காப்பிக்குப் போனாள்.

காகிதத்தை மேலே இழுத்துப் பார்க்கிறாள்.
22:04.
ஐந்தாவது டிரைவு. தவணை முடியவில்லை.
மேலே எழுதலாமா?

இரண்டு மணி நேரமாகப் பதிலுக்கு
நின்றுகொண்டிருக்கிறது மெஷின்.
இறைச்சி ஆலையில்
ஆயிரத்து நூறு பேரின் வாரக்கூலியும்
அதன் கூடவே.

வேண்டாம் என்று ஓர் எழுத்து தட்டினாள்.
சுருளை இறக்கி வளையத்தைப் பிடுங்கினாள்.
வளையம் இல்லாவிட்டால்
எவனாலும் எழுத முடியாது.

கன்சோல்மேல் ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.
ஏற்கெனவே பதினொரு வளையம் தொங்குகிறது அதில்.
இதையும் மாட்டிவிட்டு
லாய்டின் சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.
பாதிதான் வந்தது.