அப்ப அது வேற

ரெண்டு வருசமா இந்த வாசலுக்கு
ஆள் ஏத்தி வாறன்.
உப்புவெளியில கடற்கரைப் பக்கம் திரும்பினா
வெள்ளைச் சுவர், நீலக் கதவு,
வலமிருந்து இடமா ஓடுற எழுத்து.
வாசிக்கத் தெரியாது. பாதை தெரியும்.

தலைக்கு இருநூறு என்ரை கொமிசன்.
வேம்புக்குக் கீழ ஓட்டோவை விட்டிட்டு
உள்ளுக்கிருந்து வாற உள்ளி வாசத்தை
எத்தினை பிளேன்ரீயோடை குடிச்சிருப்பன்.

றிஸ்மி தன்ரை சவாரியை இறக்கிப்போட்டு
றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிப்பான்.
கொமிசனும் வேண்டாம் எண்டிட்டான்.
நான் கேக்கேல்லை, அவன் சொல்லேல்லை.
அவன்ரை போனில ராராவா ஓடுற வீடியோ
என்ரை போனுக்கும் வாறதுதான்.

இண்டைக்குத் தவமலருக்கு நாப்பத்திமூண்டு.
"ஒருக்கா உள்ளுக்கு இருந்து பாப்பம்" எண்டன்.
"செருப்பை எங்கை கழட்டுறது?"
அதுதான் அவள் முதல் கேட்டது.

தொங்குற பல்பு, சீமெந்து மேசை,
வேணுமெண்டே பூசாமல் விட்ட கல்லுச் சுவர்.
"பாவம், காசு முடிஞ்சுபோச்சுதோ?"
என்ரை காதுக்குள்ள கேட்டாள்.
எங்கடை வீட்டுச் சுவரும் இப்பிடித்தான்
பதினைஞ்சு வருசமா நவீனமா நிக்குது.

முதலாளி ஏரன் வெறுங்காலோடை வந்து
கையைத் தந்தான்.
ஓட்டோ இல்லாத என்னை
அவனுக்கு மட்டுக்கட்ட ஒரு கணம் பிடிச்சுது.
மெனு அட்டையைத் தவமலரும்
வலமிருந்துதான் வாசிச்சாள்:
முதல்ல விலை.

வந்துது.
பின்னேரம் கடற்கரையில சுருள் கட்டி விக்கிற அதே கடலை,
இங்கை அரைபட்டு, வட்டமாப் பரவி,
நடுவில ஒரு சின்னக் குளம், குளம் நிறைய எண்ணெய்.
முழுசாச் சுட்டுக் கருக்கின கத்தரிக்காய்.
"என்ரை அடுப்பில இப்பிடிக் கருகினா
உங்கடை மூஞ்சி எப்பிடி இருக்கும்?"

பிறகு ஒரு சின்னக் கிண்ணம்.
வெள்ளையுமில்லை, மண்ணிறமுமில்லை.
சஜிந்தன், அன்புவழிபுரத்துப் பொடியன்,
மேசைக்கு மேசை பேசுற இங்கிலீசைக் கழட்டிவைச்சிட்டுச் சொன்னான்:
"இது பெரிய சாமானில்லை அக்கா,
எள்ளும் தண்ணியும்தான்."

ரொட்டி பிடிச்ச கை
நடுவழியில நிண்டுது.

ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம்
கோணமலைக்குப் போற நாளில
இவள் வீட்டில பாரை மீன் வெட்டுவாள்.
பக்கத்து வீட்டுக்கு மணக்கட்டும் எண்டு
வேணுமெண்டே பொரிப்பாள்.
தம்பி குகதாசன்
சீனக்குடாவில வேலையெண்டு சைக்கிளில போனவன்.
எத்தினை விசாரணை, எத்தினை படிவம்.
மரணச் சான்றிதழ் தாறம் எண்டு வந்தவையைக்
கேற்றடியிலேயே திருப்பினவள்.
இருக்கிற பிள்ளைக்கு
ஆரும் எள்ளும் தண்ணியும் இறைப்பினமோ?

மூலை மேசையில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை
எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சாள்.
சஜிந்தன் என்னைப் பாத்தான். நான் தண்ணி குடிச்சன்.

"எலுமிச்சை விடுவியளோ?"
"ஓம் அக்கா, கனக்க."
"உள்ளி?"
"உள்ளியும்தான். உப்பும்."
கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பாத்தாள்.
"அப்ப அது வேற" எண்டாள்.

தொட்டாள். திரும்பவும் தொட்டாள்.
கடைசியில விரலாலேயே வழிச்சாள்,
வீட்டில பிள்ளையள் செய்தா ஏசுறவள்.

பில்லுக்குக் காசைக் குடுக்க
காசாளர் பெட்டை பழக்கதோசத்தில
நானூறு ரூபாயைத் திருப்பி நீட்டினாள்.
ரெண்டு தலை.
தவமலர் இருநூறைத் திருப்பித் தள்ளினாள்:
"இவர் என்னைக் கூட்டிவரேல்லை.
நான் வந்தனான்."

மிச்சமான ஒரு ரொட்டியைக்
கடதாசியில சுத்திக் கைப்பைக்குள்ள வைச்சாள்.
வீட்டில பிள்ளையள் ரெண்டு பேர்.
ரொட்டி ஒண்டு.
நான் கேக்கேல்லை.

வெளியில வர, றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
றிஸ்மி போனை இறக்கினான்.
"சாப்பாடு எப்பிடி?"
எனக்கு வாய் வரேல்லை.
"கத்தரிக்காயைக் கருக்கிப்போட்டாங்கள், தம்பி"
எண்டாள் தவமலர்,
ஓட்டோவுக்குள்ள ஏறி,
பையை மடியில வைச்சு,
சூடு ஆறாமல் ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு.