மிஞ்சின மூங்கில்

பாடைக்கு வாங்கினதில் ஒன்று மிஞ்சியது.
வேலியோரம் சாய்த்து வைத்தார்கள்.
யாரும் தொடவில்லை,
கோழிகூட ஏறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள்
மொட்டைத் தலையோடு முனிரத்தினம்
அதை நீளவாட்டில் பிளந்தான்.
சிம்பு சீவி
"உனுக்கொன்னு, எனுக்கொன்னு" என்றான்.

நரம்பு ஒண்ணரை ரூபாய், முள் நாலணா,
பனப்பாக்கம் ரோட்டுக் கடையில்.
தக்கைக்கு என் ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்தோம்.
புழு அவன் வீட்டுக் கழுநீர் ஓரத்தில்,
தோண்டத் தோண்ட வந்தது.

காவேரிப்பாக்கம் ஏரி அந்தக் கார்த்திகையில்
கடைவாசல் தொட்டு நின்றது.
மதகுக் கல்லில் உட்கார்ந்தோம்.
பேசினால் மீன் வராது என்பதால்
அவன் அப்பாவைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.
நல்ல சட்டம் அது.

எனக்கு ஒரு கெளுத்தி,
கட்டைவிரலில் முள்ளேற்றிவிட்டுத்தான் கரைக்கு வந்தது.
விரலை உறிஞ்சிக்கொண்டே திரும்பினால்
அவன் தக்கையைக் காணோம்.
கழி வளைகிறது, வளைகிறது,
கை திறந்துகொண்டது.

பிடுங்கிக்கினு போச்சா,
விட்டுட்டானா,
பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது.

தண்ணீர்மேல் போனது கழி.
நிற்கும், யோசிக்கும்,
மறுபடி போகும்,
எதிர்க்காற்றில்.
"இன்னா அவசரம் பாரேன் அதுக்கு."
இருட்டும்வரை பார்த்தோம்.

கெளுத்தியைச் சாம்பலில் உரசிக்கொண்டே
ஏதுடா தூண்டி என்றாள் அம்மா.
வேலியிலிருந்து, என்றேன்.
பொய்யில்லை.
குழம்பில் எனக்கு
வால்தான் வந்தது.